கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி





அம்பத்தூரில் எங்கள் தெருவில் வசிக்கும் சகோதரி ஒருவர், சென்ற ரமளானுக்கு முன்பு துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். கணவர் வளைகுடாவில் பணிபுரிகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியால் அவதிப்படும் மாமியாரும் இருக்கிறார்கள். கடையில் இயந்திரத்தின் மீது ஒட்டியிருந்த விலை 24,000 ரூபாய். "மாதம் 2,000 கட்டினால் போதும் மேடம், 12 மாதம், நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றார் விற்பனையாளர். சகோதரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வட்டி இருக்கா தம்பி?" "வட்டியே கிடையாது மேடம்" என்று விடை வந்தது. ஆதார் எண்ணைக் கேட்டார்கள். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார்கள். சிறு திரை ஒன்றை நீட்டி, விரலால் கையெழுத்திடச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், கைப்பேசிக்கு வந்திருந்த ஒப்பந்தத்தைத் திறந்து படித்துக் காட்டினாள். கடன் கொடுத்தது கடை அல்ல. ஒரு நிதி நிறுவனம். கடன் தொகை 22,000. வட்டி 2,000. செயலாக்கக் கட்டணம் வரியுடன் 590. அதே இயந்திரத்தை ரொக்கமாக வாங்கியிருந்தால் 2,000 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருக்கும். அந்தத் தள்ளுபடிதான் வேறு பெயரில் வட்டியாக மாறியிருந்தது. "வட்டி வாங்குறவங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க எங்க அத்தா. நான் போய் வட்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேனே" என்று அவர் அழுததை நான் மறக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் முதல் குற்றம் அச்சகோதரியுடையது அல்ல. கேட்டவரிடம் மறைத்தவர் மீதே முதல் பொறுப்பு இருக்கிறது. அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். அவர் தமிழில் கேட்டார். உண்மையான விடையோ ஆங்கிலத்தில், அவர் கையெழுத்திட்ட அதே திரையில் இருந்தது. அந்த விடையைப் படிக்க அவருக்குத் தேவைப்பட்டவை நான்கைந்து சொற்களே.

பணம், கடை, கடன் ஆகியவை சார்ந்த ஆங்கிலச் சொற்களையும், அவற்றைக் கொண்டு கேள்வி கேட்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்வது இன்று நம் குடும்பங்களுக்கு நாகரிக ஆசை அன்று; ஹலாலான வாழ்வைக் காத்துக்கொள்வதற்கான தேவை. இதை நம் மஹல்லாக்கள் பொறுப்பெடுத்துக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடையில் பேசக் கற்றுக்கொடுத்த நபி

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட நபித்தோழர் ஒருவரின் செய்தி புகாரீ, முஸ்லிம் உள்ளிட்ட நூல்களில் இடம்பெறுகிறது. அவர் ஹப்பான் பின் முன்கித் (ரலி) என்று வேறு சில அறிவிப்புகள் கூறுகின்றன. பேச்சும் கணிப்பும் சற்றுத் தளர்ந்திருந்த அவரை வியாபாரம் செய்யவிடாமல் தடுத்து வைக்குமாறு குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். நபியவர்களும் முதலில் அவரை விலகியிருக்கச் சொன்னார்கள். தன்னால் வியாபாரத்தை விட்டிருக்க இயலவில்லை என்று அவர் சொன்னபோது, ஏமாற்று இருக்கலாகாது என்ற பொருள் தரும் சிறு வாசகம் ஒன்றைக் கற்றுக்கொடுத்து, வாங்கும்போதெல்லாம் அதைச் சொல்லுமாறு பணித்தார்கள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டது என்று சில அறிவிப்புகள் சொல்கின்றன.

இச்செய்தியை நாம் ஃபிக்ஹு சட்டமாக மட்டுமே கேட்டிருக்கிறோம். இன்னொரு கோணத்திலும் பாருங்கள். ஏமாறக்கூடிய ஒருவரைக் கடைத்தெருவிலிருந்து நிரந்தரமாக அகற்றிவிடாமல், கடைத்தெருவில் சொல்ல வேண்டிய ஒரு வாசகத்தை அவர் வாயில் வைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். திக்கும் நாவுக்கும் எட்டும் அளவில் அது சிறியதாக இருந்தது. கடை உரையாடலைக் கற்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டுமா?

வேற்றுமொழி கற்பதற்கும் முன்மாதிரி உண்டு. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபியவர்கள் பணித்ததையும், அரை மாதம் கடப்பதற்குள் அவர் கற்றுத் தேர்ந்ததையும் திர்மிதீயில் காண்கிறோம். தம் கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்வதை மட்டுமே நம்பியிருக்க நபியவர்கள் விரும்பவில்லை என்பதே அதற்குக் காரணம். இன்று நம் கைப்பேசிக்கு வரும் கடிதங்களை யார் படித்துச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் நமக்கு விற்க வந்தவரே படித்துச் சொல்கிறார்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியது. கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவருக்கு இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அவ்வசனம் விதிக்கிறது. இன்றைய நிலை தலைகீழ். கடன் கொடுப்பவர் எழுதி வைத்திருக்கிறார். கடன்படுபவர் படிக்காமல் ஒப்பமிடுகிறார்.

பணத்தின் சொற்கள் நமக்குப் புதியவை அல்ல

ஆங்கிலம் நம் மொழியல்லவே என்று தயங்குவோர் நம் அன்றாடப் பேச்சைக் கவனிக்கட்டும். பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி, ஷரத்து ஆகியவை அரபியிலிருந்து வந்தவை. ரசீது பாரசீகத்திலிருந்து வந்தது. அரசாங்கமும் கச்சேரியும் எந்த மொழியில் கணக்கெழுதினவோ, அந்த மொழியின் சொற்களை நம் முன்னோர் கற்றுத் தமக்குரியனவாக்கிக்கொண்டார்கள். ஜப்தி என்றால் என்னவென்று தெரியாதவன் நிலத்தை இழந்தான், தெரிந்தவன் காத்துக்கொண்டான்.

ஆவடிச் சந்தையிலோ பூந்தமல்லிக் கடைவீதியிலோ இறைச்சிக் கடையின் மின்னணுத் தராசைப் பாருங்கள். அதில் "டேர்" என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். காலிப் பாத்திரத்தை வைத்து அதை அழுத்தினால், பாத்திரத்தின் எடை கழிந்து எண் பூஜ்யமாகும். அச்சொல்லின் மூலம் அரபி; ஒதுக்கப்படுவது, கழிக்கப்படுவது என்ற பொருளுடைய "தர்ஹா" என்ற சொல் ஐரோப்பிய வணிகர் வழியாக ஆங்கிலத்தில் "டேர்" ஆனது. அளவையில் குறை செய்வோரைக் கண்டித்து "அல்முதஃப்பிஃபீன்" என்ற அத்தியாயமே அருளப்பட்ட சமுதாயம் நாம். தராசின் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும், அந்தப் பொத்தான் எதற்கென்று அறிந்திருப்பதும் நமக்கு அந்நியமான செயல்களா?

இன்னொரு சான்று நகைக்கடை. செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு சொற்களும் தமிழில் இருப்பதால், எழுதப்படிக்கத் தெரியாத பெண்கூட அங்கே கறாராகப் பேரம் பேசுகிறார். சேதாரத்தில் ஒரு சதவீதம் குறையும் வரை எழுந்திருப்பதில்லை. அதே பெண், மின்சாதனக் கடையின் நிதி மேசைக்கு முன் அமர்ந்ததும் மௌனமாகிவிடுகிறார். அறிவு குறைந்துவிடவில்லை, சொல் இல்லை, அவ்வளவே.

தேன் தடவிய சொற்கள்

பள்ளியில் "இன்ட்ரஸ்ட்" என்றால் ஆர்வம் என்று படித்தோம். கடன் தாளில் அதுவே வட்டி. அந்தச் சொல் வெளிப்படையாக வந்தாலாவது விழித்துக்கொள்ளலாம். "ஃபைனான்ஸ் சார்ஜ்" என்று வரும். அட்டைக் கணக்கில் அது வட்டியே. "ஆர்.ஓ.ஐ." என்று மூன்றெழுத்தில் வரும், கடன் தாளில் அது வட்டி விகிதம். "ஃபிளாட் ரேட் 12 சதவீதம்" என்று வரும். ஒரு லட்சம் ரூபாயை 12 மாதத் தவணையில் திருப்பிக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முழு லட்சத்துக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போடுவதே "ஃபிளாட்". கணக்கிட்டால் உண்மையான விகிதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 21 சதவீதத்தைத் தாண்டும். சதவீதம் எவ்வளவாயினும் வட்டி நமக்கு விலக்கப்பட்டதே. எனினும், சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

கடன் அட்டையின் மாதக் கணக்கில் "டோட்டல் ட்யூ", "மினிமம் ட்யூ" என்று இரண்டு தொகைகள் இருக்கும். மொத்தம் 10,000, குறைந்தபட்சம் 500 என்று வைத்துக்கொள்வோம். 500 கட்டினால் போதும் என்று நினைத்துக் கட்டுபவருக்கு மீதி 9,500 மீது வட்டி ஓடத் தொடங்குகிறது. மாதம் 3.5 சதவீதம் என்றால் சுமார் 330 ரூபாய். அந்த வட்டியின் மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. "மினிமம்" என்பது தாமதக் கட்டணத்திலிருந்து தப்புவதற்கான தொகை. வட்டியிலிருந்து தப்புவதற்கான தொகை அன்று.

இந்த மாயத்தை நாட்டின் ரிசர்வ் வங்கியே அறிந்திருக்கிறது. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே அது வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நம் சகோதரி கேட்ட "வட்டி இருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்வது எளிது. "இது கடனா? கொடுப்பவர் யார்? ரொக்க விலை என்ன?" என்ற மூன்று கேள்விகளுக்கு அப்படி மழுப்ப முடியாது. கடைக்காரரே தவணைக்கு என ஒரு விலையை முதலிலேயே உறுதி செய்து, பின்னர் கூட்டாமல் விற்றால் அதைப் பெரும்பான்மை மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். மூன்றாம் நபர் பணம் கொடுத்து அதற்கு வட்டி வசூலிப்பது வேறு. இரண்டுக்கும் கடைப் பலகையில் ஒரே பெயர்தான்: இ.எம்.ஐ. ஐயம் எழுந்தால் தாளைக் கொண்டுபோய் ஆலிமிடம் கேட்கலாம். ஆனால் தாளில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

கடனுக்கு வெளியேயும் இச்சொற்கள் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் "கிராஸ்" என்பது மொத்தம், "நெட்" என்பது பிடித்தம் போகக் கைக்கு வருவது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்ததை உரிய கணக்கில் முதலாளி கட்டினாரா என்று கேட்க, அது எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். கைப்பேசிச் செய்தியில் "கிரெடிட்டட்" என்றால் வரவு, "டெபிட்டட்" என்றால் பற்று. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கு மட்டுமே தேவை. திரையில் "பே" என்ற சொல்லைப் படிக்கத் தெரிந்தவரிடம், "பணம் வரும், எண்ணை அழுத்துங்கள்" என்று சொல்லும் மோசடிக்காரன் தோற்றுப்போவான்.

உரிமை இருக்கிறது; கேட்க வேண்டும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்", சுருக்கமாக கே.எஃப்.எஸ்., என்ற விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை வாங்குபவரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது. அது வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டு, விளக்கப்படவும் வேண்டும். ஏழு நாளும் அதற்கு மேலும் தவணை உள்ள கடன்களில், யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. மூன்று நாள் என்றதும் ஹப்பான் (ரலி) அவர்களின் செய்தி உங்களுக்கும் நினைவுக்கு வரலாம்.

பொட்டலப் பொருள்களில் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை. அதற்கு மேல் தனியாக வரி கேட்பது தவறு. பல கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசிவருகின்றன. ரசீது கேட்டு வாங்குங்கள். குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம்.

"தமிழில் கேட்கும் உரிமைதான் இருக்கிறதே, பிறகு எதற்கு ஆங்கிலம்?" என்று சிலர் வினவலாம். உரிமை இருப்பதை யாரும் கடையில் அறிவிப்பதில்லை. கே.எஃப்.எஸ். என்ற பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கே அந்தத் தாள் கிடைக்கிறது. தமிழில் பெறுவதற்கும் அந்த ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது இன்னொரு வாதம். பாதி வீடுகளில் ஆண்கள் தம்மாமிலோ துபாயிலோ இருக்கிறார்கள். உள்ளூரில் இருப்பவர்களும் காலை ஷிஃப்டுக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அதைவிட முக்கியம், மஹரும் சொத்தும் பெண்ணுக்கே உரியவை என்று மார்க்கம் சொல்லிவிட்டது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தவர்கள். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைக் காக்கும் மொழியை மட்டும் மறுப்பது நியாயமாகாது.

மஹல்லாவில் ஒரு மணி நேரம்

பிள்ளைகளின் ஆங்கிலவழிக் கல்விக்குக் கடன்பட்டும் பணம் கட்டுகிறோம். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் கணக்குத்தாளைப் படித்துச் சொல்லத் தெரியவில்லை. எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளிவாசலும் வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம், பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இவ்வகுப்பை நடத்தட்டும். இலக்கணம் வேண்டாம். பாடநூல் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பையில் கிடக்கும் ரசீதுகளைக் கொண்டுவரட்டும்: மளிகை ரசீது, நகை ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு. கல்லூரி படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். அம்மாவுக்கும் நன்னிக்கும் ஆசிரியராகும் பாக்கியம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

வாயில் பழக வேண்டிய வாசகங்கள் ஐந்து போதும்.

"வாட் இஸ் த கேஷ் பிரைஸ்?" ரொக்க விலை என்ன?

"இஸ் திஸ் எ லோன்? ஹூ இஸ் கிவிங் இட்?" இது கடனா? யார் கொடுக்கிறார்கள்?

"ஹவ் மச் வில் ஐ பே இன் டோட்டல்?" மொத்தமாக நான் எவ்வளவு கட்டுவேன்?

"ப்ளீஸ் கிவ் மீ த கே.எஃப்.எஸ். இன் டமில்." விவரத்தாளைத் தமிழில் தாருங்கள்.

"ஐ வில் ரீட் இட் அட் ஹோம் அண்ட் கம் பேக்." வீட்டில் படித்துவிட்டு வருகிறேன்.

ஐந்திலும் மிகப் பயனுள்ளது கடைசி வாசகம். எந்த மொழியில் சொன்னாலும் அது வேலை செய்யும்.

நம் வணிகச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை நம்மவர் கடைகள் ஏராளம். உணவுக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, ஈரத்தை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று நட்சத்திரக் குறியிட்டுப் பொடி எழுத்தில் போடுவது, ஈரத்தைக் கீழே வைப்பதல்லாமல் வேறென்ன? ரசீதையும் நிபந்தனையையும் தமிழில் அச்சிடுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் முன்பே ரொக்க விலையையும் தவணை விலையையும் தனித்தனியே சொல்லுங்கள். பரக்கத் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சகோதரி, கணவர் அனுப்பிய பணத்தைக் கொண்டு கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டார். அதற்காகவே "ஃபோர்குளோஷர்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். சென்ற வாரம் பிள்ளைக்கு மேசை வாங்கப் போனபோது உடன் போயிருந்தேன். விற்பனையாளர் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்: "வாட் இஸ் த கேஷ் பிரைஸ்?" உச்சரிப்பு அவ்வளவு சரியில்லை. விடை சரியாக வந்தது.

வல்ல அல்லாஹ் நம் வருவாயையும் செலவையும் ஹலாலாக்கி வைப்பானாக! அறியாமல் நிகழ்ந்த பிழைகளை மன்னித்து, அறிந்துகொள்ளும் ஆற்றலை நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.